ஆலைக்காரர் ஏறிய கூண்டு

வழக்காடு மன்றத்தில் குற்றம் சாட்டுகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் இறந்துபோனவராக இருப்பார். புராணத்திலிருந்தோ வரலாற்றிலிருந்தோ ஒருவரை இழுத்து வந்து, ஒருவர் குற்றம் சாட்ட, மற்றொருவர் மறுக்க, இறுதியில் நடுவர் தீர்ப்பு வழங்குவார். மேடையின் ஓரத்தில் கூண்டு என்று ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் இருக்கமாட்டார்கள். கல்லூரி நாட்களில் அரசர்களையும் முனிவர்களையும் நான் அவ்வாறு தண்டித்திருக்கிறேன். ஒருவரும் மேல்முறையீட்டுக்கு வந்ததில்லை. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நடந்த சித்திரை விழாவில்தான் முதன்முறையாக அந்தக் கூண்டுக்குள் உயிரோடு ஒருவர் ஏறி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததனால் இன்னொருவருடைய வாழ்க்கை அன்று மாலை முழுவதும் ஊசலாடியது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சு எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. பாளையங்கோட்டையில் படித்தபோது மாநிலம் முழுவதும் பேருந்தில் அலைந்து போட்டிகளில் பேசியவள் நான். தோற்றதில்லை என்பதைத் தன்னடக்கத்துக்காக மறைக்கவும் போவதில்லை. எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் உரைக்கும் நடுவே ஒரே ஒரு வாக்கியத்தை நடுவோம். முன்னால் வருவதெல்லாம் அதை நோக்கி ஏறவேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதிலிருந்து இறங்கவேண்டும். அதற்கு அச்சாணி என்று பெயர். மேடையில் அது வாயிலிருந்து விழும் வரைக்கும் எதிரணிக்கு அதை யாரும் சொல்லமாட்டார்கள். நியூ ஜெர்சிக்கு வந்து, மன்ஹாட்டன் ரயிலில் காலையும் மாலையும் நின்றுகொண்டே பயணம் செய்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்கிற வேலையில் அமர்ந்த பிறகும், ரயில் சத்தத்துக்குள் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது அச்சாணிகளைத்தான்.

தமிழ்ச் சங்கம் அவ்வாண்டு எடுத்த வழக்கு புதுமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பஞ்சாலை முதலாளி இருந்தார். பிறகு நாடாளுமன்றத்துக்குப் போனார். பெயர் இங்கே வேண்டாம். கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே ஆலைக்குள் நுழைந்து, நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற வேலையிலிருந்து மேற்பார்வையாளராகி, பங்குதாரராகி, இறுதியில் அந்த ஊரின் மிக உயரமான புகைபோக்கிக்குச் சொந்தக்காரரானவர். ஆலைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் தேவாலயமும் கட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வருவது நின்றுபோய் ஊரே பட்டினி கிடந்தபோது கஞ்சித் தொட்டி திறந்தார். அதே மனிதர், வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் அவைக்கு வந்தபோது எழுந்து நின்று எதிர்த்தார். சட்டம் அவரையும் மீறி நிறைவேறியது. அடுத்த தேர்தலில் அதைத் தானே வாங்கிக் கொடுத்த வரம்போல மேடைதோறும் சொல்லி மறுபடியும் வென்றார். இவர் குற்றவாளியா, இல்லையா என்பதுதான் வழக்கு. குற்றம் சாட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மறுப்பவர் ஓர் இதய மருத்துவர். சங்கத்தில் எல்லோருக்கும் டாக்டர் அங்கிள்.

விழாக் குழுவின் கூட்டம் ஓக் ட்ரீ சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்தது. விழாவுக்குப் பெருந்தொகை கொடுத்தவர் மேசையின் கோடியில் அமர்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவரை இங்கே ஜவுளிக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய தந்தை கரூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் நூற்பாலையில் இரவு வேலை பார்த்தவர். ஜவுளிக்காரர் அங்கேயே பிறந்தார். சந்தையில் படுக்கை விரிப்பு விற்று, பிறகு பின்னலாடைத் தொழிற்சாலை வைத்து, அது நொடித்தபின் மனைவியின் ஊரான நியூ ஜெர்சிக்கு வந்து, மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் ஒரு கூடத்தைத் தொடங்கினார். அரசியலுக்கு அவர் வந்தது லாரிகளால். அவருடைய கூடத்துக்கு வெளியே லாரி நிறுத்தக் கூடாதென்று நகரமன்றம் தடை போட்டபோது, பொதுமக்கள் பேசலாம் என்று வைத்திருக்கும் ஒலிவாங்கியின் முன் போய் நின்றார். தடை நீங்கியது. ஒலிவாங்கி மட்டும் அவரை விடவில்லை. இப்போது அதே நகரமன்றத்துக்கு வேட்பாளர். ஜூனில் கட்சிக்குள் முதற்கட்டத் தேர்தல், அதில் வென்றால் நவம்பரில் பொதுத் தேர்தல்.

வழக்கின் விவரத்தைக் கேட்டதும் அவர் காபியைக் கீழே வைத்தார்.

"பிரிட்டிஷ்காரன், ஜவுளி, பாலிடிக்ஸ். மூணும் நான்தானே? கூண்டு எதுக்குக் காலியா இருக்கணும்? நானே உக்கார்றேன்."

மேசை முழுவதும் சிரித்தது. தொப்பியும் கோட்டும் தன்னுடைய கூடத்திலேயே தைத்துவிடலாம் என்றார். படம் பிடிக்கத் தன் பிரச்சாரக் குழுவினர் வருவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்த ஏற்பாட்டின் கணக்குப் புரிந்தது. தோற்றாலும் வென்றாலும் படம் அவருடையது. டாக்டர் அங்கிள் என் பக்கம் திரும்பி, "ஸ்பான்சரையே உள்ளே தள்ளப்போறியா, பாத்து தள்ளும்மா" என்றார். நான் புன்னகைத்தேன். உள்ளே தள்ளுவதற்குத்தானே என்னை அழைத்திருந்தார்கள்.

நான் குடியிருந்தது ஓர் அக்காவின் வீட்டு மாடியறையில். பெரம்பூர்க்காரர். கணவர் சென்னையிலேயே வேறொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டதால், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு இங்கே தனியாக இருந்தார். ஜவுளிக்காரரின் தையல் கூடத்தில்தான் வேலை. எந்தத் துணி எந்த மேசைக்கு, எந்த ஆர்டர் எந்த லாரிக்கு என்று திட்டமிடுவது அவர் பொறுப்பு. அவருடைய விசா அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பமும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான். அதற்கான கடைசித் தாள்கள் சிலவற்றில் ஜவுளிக்காரர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தத் தாள்கள் வாரக்கணக்கில் அவருடைய மேசையில் கிடந்தன. இது எனக்கும் தெரியும், எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்காவின் சமையலறையில்தான் ஒத்திகை பார்ப்பேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். எங்கே கைதட்டு விழும், எங்கே விழாது என்று முகத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். அன்றைக்கு வெண்டைக்காய். ஆலைக்காரரின் பிறப்பிலிருந்து தொடங்கி, புகைபோக்கி, பள்ளிக்கூடம், கஞ்சித் தொட்டி என்று ஏறி, அச்சாணிக்கு வந்தேன். அந்தக் காலத்து ஆலைகளில் மணி அடித்ததும் வாசலைப் பூட்டிவிடுவார்கள். தாமதமாக வந்தவர் வெளியே, வந்தவர் உள்ளே. நகர நூலகத்தின் ஒரு பழைய புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். அதிலிருந்துதான் வாக்கியத்தைக் கட்டியிருந்தேன்:

"வேலை செய்கிறவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, அவர்களுடைய பெயரால் பேசுவதற்காக நாடாளுமன்றத்துக்கு நடந்துபோனவர் இவர்!"

கத்தி பலகையில் நின்றுவிட்டது. அக்கா அடுப்பை அணைத்தார்.

"இந்தக் கதவு மேட்டர் உனக்கு யார் சொன்னா?"

நூலகத்தில் படித்ததாகச் சொன்னேன்.

"எந்த லைப்ரரில எங்க யூனிட்டைப் பத்திப் போட்டிருக்கான்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். தையல் கூடத்தின் பின்கதவு லாரி நிற்கும் பக்கமாகத் திறக்கும். குளிர்காலத்தில் சில சீருடைக் கட்டுகள் காணாமல் போயின. அந்தக் கதவு வழியாகத்தான் போகிறது என்று ஜவுளிக்காரர் முடிவு செய்து, வேலை நேரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். சாவி அக்காவிடம். உள்ளே குஜராத்திப் பெண்களும் ஸ்பானிய மொழி பேசும் பெண்களுமாகத் தைத்துக்கொண்டிருப்பார்கள். முன்வாசலுக்குப் போகவேண்டுமானால் துணிக் கட்டுகளுக்கு நடுவே நீளமாக நடந்துபோக வேண்டும். அக்கா இரண்டு முறை அவரிடம் பேசிப் பார்த்தார். தேர்தல் முடியட்டும், சரியான பூட்டு போடலாம் என்றாராம்.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டவுடனேயே, கேட்டிருக்க வேண்டாமென்று தோன்றியது.

"எனக்குத் தெரியாதா? அந்தச் சாவியைப் பேக்ல வெச்சுக்கிட்டுதான் தினம் லஞ்ச் சாப்பிடறேன். பாத்ரூம் போனாக்கூட எடுத்துட்டுப் போறேன். யாராவது அடுப்புல எண்ணெய்யைக் காயவெச்சாலே என் கை பேக்குக்குப் போகுது."

பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ புக்ல படிச்சேன்னு நான் நம்பறேன். அவர் நம்புவாரா? நீ என் வீட்டு மாடியில இருக்க. அந்த மனுஷன் கூண்டுல உக்காந்திருக்கும்போது நீ கதவுன்னு வாயைத் திறந்தா, யார் சொன்னாங்கன்னு அவர் உன்னையா தேடுவார்? அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடும்மா."

முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்கிட்" என்றாள்.

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு மாடியேறியபோது எனக்கு வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். அச்சாணியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டச் சொல்கிறார்களே என்ற எரிச்சல். அந்த வாரம் முழுவதும் ரயிலில் வேறொன்றைக் கட்டிப் பார்த்தேன். இறுதியில், தான் எதிர்த்த சட்டத்தையே தன் கொடையாகச் சொல்லி வாக்குக் கேட்டவர் என்பதை மையமாக வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய வாக்கியம் பல்லில் சிக்கிய நார்போல நாக்கின் நுனியிலேயே இருந்தது. ஒருமுறை சொன்னால் போதும், அரங்கம் எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். கூடவே, அக்காவின் கடைசித் தாள்கள் எந்த மேசையில் கிடக்கின்றன என்பதும் தெரியும்.

விழா ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில் நடந்தது. குழந்தைகளின் கோலாட்டம் முடிந்து, பொங்கல் பொட்டலங்களின் நெய் வாசனை திரைக்குப் பின்னால் வரை வந்துகொண்டிருந்தபோது, எங்களை அழைத்தார்கள். இசைக்குழுவின் இரும்புத் தாங்கிகளில் பழுப்புத் துணி கட்டிக் கூண்டு செய்திருந்தார்கள். ஜவுளிக்காரர் உயரத் தொப்பியும் வால் வைத்த கருப்புக் கோட்டுமாக நடந்து வந்தார். அரங்கம் ஆரவாரித்தது. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மேடைக்கு முன்னால் மண்டியிட்டுப் படமெடுத்தார்கள். கூண்டுக்குள் உட்கார்ந்ததும் அவர் தொப்பியைக் கழற்றிச் சபையை வணங்கினார். அக்கா மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

நான் பேசினேன். ஆலைக்காரரின் வாழ்க்கையைப் படிப்படியாக ஏற்றினேன். முடிச்சுப் போட்ட சிறுவனின் விரல்கள் முதலாளியின் மோதிர விரல்களான கதையைச் சொன்னேன். அந்த விரல்கள் சட்டத்துக்கு எதிராக உயர்ந்த கதையைச் சொன்னேன். பிறகு, தான் அடித்து விரட்டிய பசு கன்று போட்டதும் பாலுக்குச் செம்போடு வந்து நின்றவரைப் போல, எதிர்த்த சட்டத்தின் பெயராலேயே வாக்குக் கேட்டார் என்றேன். கைதட்டல் வந்தது. கூண்டிலிருந்தவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்; அந்தப் பகுதியை மட்டும் அவர் மிகுந்த கவனத்தோடு கேட்டதாக எனக்குப் பட்டது. ஆலையின் உள்ளே இருந்தவர்களுக்கு நினைத்தபோது வெளியே வரும் சுதந்திரம்கூட இல்லை என்று பொதுவாக ஒரு வரி சொன்னேன். கதவு என்ற சொல்லை எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு அமர்ந்தேன்.

டாக்டர் அங்கிள் எழுந்தார். அவருடைய உத்தி எப்போதும் சிரிப்புதான். "நடுவர் அவர்களே, என் கட்சிக்காரருக்கு இதயமே இல்லைன்னாங்க. நான் கார்டியாலஜிஸ்ட். செக் பண்ணிட்டேன். இருக்கு, லேசா கொலஸ்ட்ரால்தான்." அரங்கம் அவர் கைக்குள் போய்விட்டது. கஞ்சித் தொட்டியையும் பள்ளிக்கூடத்தையும் அழகாக அடுக்கினார். பிறகு திடீரென்று நிறுத்தி, ஜவுளிக்காரரின் பக்கம் குனிந்து, இருவரும் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வக்கீலம்மா தொழிலாளிக்குச் சுதந்திரமே இல்லைன்னாங்க. நமக்கு எதுக்கு வாதம்? சாட்சியையே கூப்பிடுவோம். என் கட்சிக்காரர் கம்பெனியிலேயே வேலை பாக்கறவங்க ஒருத்தர் இங்க இருக்காங்க. மேடைக்கு வாங்கம்மா."

அவர் கை மூன்றாம் வரிசையைக் காட்டியது.

இது ஒத்திகையில் இல்லாதது. சங்க நிகழ்ச்சிகளில் பார்வையாளரைச் சாட்சியாக அழைத்துச் சிரிக்க வைப்பது வழக்கம்தான். என்னுடைய அந்தப் பொதுவான ஒரு வரிதான் இந்தச் சாட்சியை வரவழைத்தது என்று எனக்கு உறைத்தது. அக்கா மறுப்பதுபோலக் கையசைத்தார். பக்கத்திலிருந்தவர்கள் எழுப்பிவிட்டார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியேறி வந்தார். ஜவுளிக்காரர் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் குடும்பத்து விளையாட்டு இது என்பதுபோல.

"முதலாளி எப்படிம்மா?"

"நல்லவர்."

சிரிப்பு.

"சம்பளம்?"

"டைமுக்கு வந்துடும்."

"சரி. வக்கீலம்மா சொல்றாங்களே, உள்ள இருக்கறவங்க நினைச்சா வெளிய வரமுடியாதுன்னு. உங்க இடத்துல எப்படி? ஒரு காத்து வாங்கணும்னா வெளிய வரலாமா?"

ஒலிவாங்கி அக்காவின் வாய்க்கு முன்னால் இருந்தது. அவர் மூச்சு விடுவது அரங்கம் முழுவதும் கேட்டது. ஜவுளிக்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

"வரலாம்" என்றார் அக்கா.

டாக்டர் அங்கிள் சபைக்கு அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு வெற்றியோடு அமர்ந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த அரங்கில் மூன்றே பேர். மூவரும் மேடையில் இருந்தோம்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு உரிமை உண்டென்றார்.

நான் எழுந்து நின்றேன். என் வாழ்நாளில் எதிரணி இவ்வளவு அகலமாக வாசலைத் திறந்துவிட்டதில்லை. எந்த வழியாக வரலாம் என்று ஒரு கேள்வி போதும். வழக்கு முடிந்துவிடும். எவ்வளவு சிறிய கேள்வி என்பதை எண்ணியபோது நாக்கு தானாகவே அதை வடிவமைக்கத் தொடங்கிவிட்டது, பயிற்சி அப்படிப்பட்டது. அக்கா என்னைப் பார்த்தார். சமையலறையில் கெஞ்சிய பார்வை அல்ல. என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் பார்த்தார். அந்தப் பையின் வாரை அவர் பிடித்திருந்த விதத்தில், கூடத்தில் தைக்கும் பெண்கள், அவருடைய மகள், அந்தத் தாள்கள் எல்லாம் ஒரே பிடியில் இருந்தன. எந்த விரலை எடுத்தாலும் ஏதாவது ஒன்று விழும். அதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

"கேள்வி இல்லை, நடுவர் அவர்களே."

அதுவரை எந்த மேடையிலும் நான் சொல்லாத வாக்கியம் அது. பின் வரிசையிலிருந்து யாரோ, "என்னம்மா, பெட்ரோல் தீந்துபோச்சா" என்றார். சிரிப்பு பரவியது. நான் அமர்ந்தேன்.

அக்கா இறங்கவில்லை. நடுவர், சாட்சி போகலாம் என்றார். அக்கா நின்ற இடத்திலேயே நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். அந்தச் சத்தமும் ஒலிவாங்கியில் கேட்டது. மஞ்சள் டேப் சுற்றிய ஒரு சாவியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் போனார்.

"சார், வரலாம்னு சொல்லிட்டேன். இனிமே அது நிஜமா இருக்கட்டும். பின்கதவு சாவி. நீங்களே வெச்சுக்குங்க. இதை வெச்சுக்கிட்டு என்னால சாப்பிட முடியல."

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு அரங்கம் வெடித்தது. நாடகத்தின் உச்சக்கட்டம் இது, குற்றம் சாட்டும் தரப்பு கேள்வி கேட்காமல் விட்டதே இதற்காகத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்காக நான் கற்பனை செய்திருந்த அதே எழுச்சி. ஜவுளிக்காரர் மட்டும் அசையவில்லை. அவருடைய முகத்தில் முதலில் வந்தவர் ஆலைக்காரர். அவரை நான் தெளிவாகப் பார்த்தேன். தாடை இறுகி, கண்கள் சுருங்கி, இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று கணக்கிட்ட முகம். மேடைக்குக் கீழே படமெடுப்பவரின் வெளிச்சம் பளிச்சிட்டது. உடனே இரண்டாமவர், வாக்குக் கேட்கும் வேட்பாளர், வந்துவிட்டார். எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்து, சாவியை வாங்கி, அதற்கு மேலே உயர்த்திப் பிடித்துச் சபைக்குக் காட்டினார்.

நடுவர் அவரை எச்சரித்து விடுதலை செய்தார். பொன்னாடை போர்த்தினார்கள். நான் தோற்றேன்.

திரைக்குப் பின்னால் அவர் எங்களிடம் வந்தார். தொப்பி கக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்து, "அந்தக் கீ, உன் ஸ்கிரிப்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது நாடகமாகிவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இல்ல சார், நானாத்தான்" என்றார் அக்கா.

அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவின் காரில்தான் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அக்கா இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். வேலை போனால் எத்தனை நாள் இந்த நாட்டில் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மறுநாள் மகளுடைய சட்டைகளை எல்லாம் துவைத்து மடித்து வைத்தார், பள்ளிக்கூடத்துக்கா பெட்டிக்கா என்று தெரியாத ஒழுங்கோடு. திங்கட்கிழமை காலை அவர் கிளம்பியபோது வழக்கமாகச் சொல்லும் "பால் வாங்கிட்டு வா" என்பதைக்கூடச் சொல்லவில்லை. நான் அலுவலகத்தில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாலையில் அவருடைய கார் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் யாரும் தன்னோடு பேசவும் இல்லை என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பூட்டுக்காரர் ஒருவர் வந்து, சங்கிலியை அறுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொண்டு மணி அடிக்கிற இரும்புத் தண்டு ஒன்றைக் கதவில் பொருத்திவிட்டுப் போனாராம்.

"நல்லதுதானே அக்கா" என்றேன்.

"கதவுக்கு நல்லது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஜவுளிக்காரர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். அக்கா அன்று மாலை வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நான் படிக்கட்டிலேயே நின்றிருந்தேன். அவர் காலணியைக் கழற்றி, கை கழுவி, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் உட்கார்ந்தார். அறைக்குள் போனதும் ஜவுளிக்காரர் கணினியின் திரையைத் திருப்பிக் காட்டினாராம். அவர் தொப்பியோடு சாவியை உயர்த்தியிருக்கும் படம், பக்கத்தில் அக்கா. வாக்காளர்களுக்கு அனுப்பும் துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அதைப் போட விரும்புவதாகவும், அதற்கு அக்காவின் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னாராம். பணியிடப் பாதுகாப்புக்காகப் பாடுபடுகிறவர் என்பது தலைப்பு.

சட்டத்தை எதிர்த்தவர் அதையே சொல்லி வாக்குக் கேட்டதை நான் அந்த மேடையில் எவ்வளவு விரிவாக விளக்கினேன் என்பது நினைவுக்கு வந்தது. கூண்டில் இருந்தவர் அந்தப் பகுதியைத்தான் கூர்ந்து கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்ல லாயர் பேப்பர்ல சைன் பண்ணுங்க சார், அப்புறம் போட்டோ பத்திப் பேசலாம்னேன்."

"பண்ணினாரா?"

அக்கா கைப்பையைத் திறந்தார். சாவி இருந்த அறையில் நீல மையில் கையெழுத்திட்ட தாள்களின் நகல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் என்னிடம் தரவில்லை. இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு ஜிப்பை மூடினார். கிரீன் கார்டு வர இன்னும் பல படிகள் இருந்தன. ஆனால் ஜூன் வரைக்கும், அவர் வென்றால் நவம்பர் வரைக்கும், துண்டறிக்கையில் இருக்கிற பெண்ணை அவரால் வேலையை விட்டு நீக்க முடியாது. ஆலைக்காரராக மட்டும் இருந்திருந்தால் திங்கட்கிழமையே நீக்கியிருப்பார். இதை நான் சொன்னபோது அக்கா, நவம்பருக்குப் பிறகு என்ன என்று என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

துண்டறிக்கை மே மாதத்தில் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் கிடந்தது. மகள் அதைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் போட்டுவிட்டு, "ஓ மை காட், அம்மா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். வழவழப்பான தாள், பளிச்சென்ற அச்சு. ஜவுளிக்காரரின் சிரிப்பு பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது.

"கண்ணை மூடிட்டு இருக்கேன் பாரு" என்றார். "வேற போட்டோவே கெடைக்கலையா அந்த ஆளுக்கு?"

பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மகளுடைய பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில், நான்கு முனையிலும் காந்தம் வைத்து நேராக ஒட்டினார்.